எண்ணெய் எங்கே போயிற்று?

லாரியில் எஞ்சின் ஆயில் குறைந்தால் உலகம் முதலில் சந்தேகிப்பது மனிதனை. அதன் பிறகுதான் யந்திரத்தை. வண்டியின் அடியில் சொட்டு இல்லை, புகையிலும் அப்படி ஒன்றும் நீலம் தெரியவில்லை, ஆனாலும் அளவுக் கம்பியில் கோடு இறங்கிக்கொண்டே போகிறது என்றால், முதலாளியின் கண் நேரே கிளீனர் பையன் மீது போய் நிற்கும். ஆயில் டின்னைத் தூக்குகிறவன் அவன், ஊற்றுகிறவன் அவன், ஆகவே விற்கிறவனும் அவனாகத்தான் இருக்க வேண்டும் என்பது லாரி ஆபீஸ்களின் தர்க்க சாஸ்திரம். இந்தச் சாஸ்திரம் எத்தனை பேருடைய கூலியில் கை வைத்திருக்கிறது என்பதற்கு யாரும் கணக்கு எழுதி வைக்கவில்லை.

யந்திரங்களின் சரித்திரத்தில் எனக்கு நெடுநாளாக ஒரு பித்து உண்டு. ராஜாக்களின் சரித்திரத்தைவிட அதில் பொய் குறைவு என்பது என் எண்ணம். அந்தப் பித்தில் நான் கண்ட ஒரு விஷயம், பழைய லாரியின் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு மேஸ்திரி தேடுகிற ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது என்பது. காணாமற்போன எண்ணெயைத் தேடி மனிதர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக அலைந்திருக்கிறார்கள். அந்த அலைச்சலைத் தெரிந்துகொண்டால் கிளீனர் பையனைக் கொஞ்சம் தாமதித்துச் சந்தேகிக்கத் தோன்றும்.

ஆரம்பத்தில் எண்ணெய் காணாமற்போவது ஒரு குற்றமாகவே இருக்கவில்லை. நீராவி யந்திரங்களின் காலத்தில், எண்ணெய் என்பது போட்டால் போனதுதான். ஒருவன் கையில் எண்ணெய்க் குவளையை வைத்துக்கொண்டு யந்திரத்தைச் சுற்றி வருவான். தேய்கிற இடங்களில் ஊற்றுவான். அது ஒழுகித் தரையில் போய்ச் சேரும். எலைஜா மக்காய் என்ற கறுப்பு இன எஞ்சினீயரின் கதை இங்கே சொல்லத் தக்கது. அமெரிக்காவில் அடிமைகளாக இருந்து கனடாவுக்குத் தப்பி ஓடியவர்களின் பிள்ளை அவர். ஸ்காட்லாந்தில் படித்துத் தேர்ந்து வந்தவருக்கு மிச்சிகனில் ஒரு ரயில்வே கொடுத்த உத்தியோகம், எஞ்சினில் கரி தள்ளுவதும் எண்ணெய் ஊற்றுவதும். ஊற்றிக்கொண்டே யோசித்தவர், யந்திரம் ஓடும்போதே தானாக எண்ணெய் விடும் கருவியைச் செய்து 1872-ல் காப்புரிமை பெற்றார். எண்ணெய்க் குவளை பிடித்தவனுக்குத்தான் எண்ணெயின் போக்குத் தெரியும் என்பதற்கு அவரே முதல் சாட்சி.

முதல் மோட்டார் வண்டிகளிலும் இதே கதைதான். ஓட்டுகிறவன் முன்னால் கண்ணாடிக் குழாய்கள் இருக்கும். அவற்றின் வழியாகச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் இறங்கி, வேலையை முடித்துவிட்டுச் சாலையிலும் புகையிலும் போய்விடும். முதல் உலக யுத்தத்தில் பறந்த விமானங்களில் பல, சிலிண்டர்களே சுழலும் எஞ்சின்களைக் கொண்டவை. அவற்றில் பெட்ரோல் கலவை எஞ்சினின் வயிற்றுக்குள் புகுந்துதான் மேலே போகும். ஆகவே பெட்ரோலில் கரையாத எண்ணெய் வேண்டும். அது வேறு எதுவுமில்லை, நம் வீட்டு விளக்கெண்ணெய்! உள்ளே போன விளக்கெண்ணெய் முழுவதும் புகையாகவும் திவலையாகவும் வெளியே வந்து விமானியின் முகத்தில் அடித்தது. அதைச் சுவாசித்தும் விழுங்கியும் அந்த வீரர்களுக்கு வயிறு பட்ட பாட்டை, விளக்கெண்ணெய் குடித்து வளர்ந்த நம் தலைமுறைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1909-ல் வேக்ஃபீல்டு கம்பெனி தன் எண்ணெய்க்கு ‘காஸ்ட்ரால்’ என்று பெயர் வைத்ததும் ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்துதான்.

எண்ணெய் திரும்பி வரத் தொடங்கிய பிறகுதான் ‘நஷ்டம்’ என்ற சொல்லே பிறந்தது. 1890-ல் பர்மிங்ஹாமில் பெல்லிஸ் அண்டு மார்க்கம் கம்பெனியார், பம்பு வைத்து எண்ணெயை அழுத்தத்தோடு தாங்கிகளுக்குள் செலுத்தி, வழிந்ததை அடியில் பிடித்து மறுபடியும் மேலே அனுப்பும் முறைக்குக் காப்புரிமை எடுத்தார்கள். பிற்பாடு மோட்டார் எஞ்சின்களும் அந்த வழிக்கு வந்தன. எண்ணெய் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது; ஒரு கம்பியை விட்டு அளந்து பார்க்கலாம்; நேற்று இருந்தது இன்று இல்லையென்றால் யாரையாவது கேட்கலாம். கணக்கு வந்தால் கூடவே குற்றவாளியும் வந்தாக வேண்டும் அல்லவா?

எண்ணெய் நஷ்டத்தால் உயிரே போகும் என்ற நிலை 1916-ல் வந்தது. அதற்கு முன் சில ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். சார்லஸ் யேல் நைட் என்ற அமெரிக்கர், பால்பண்ணைத் தொழில் பற்றிப் பத்திரிகை நடத்தியவர். தம் காரின் வால்வுகள் தடதடவென்று அடிப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. வால்வுகளுக்குப் பதிலாகச் சிலிண்டருக்குள் உறைபோல ஏறி இறங்கும் குழாய்களை வைத்து ஓசையில்லாத எஞ்சின் ஒன்று செய்தார். இங்கிலாந்தின் டெய்ம்லர் கம்பெனி அதை ஏற்றுக்கொண்டது. ஓசை போயிற்று, புகை வந்தது. அந்தக் குழாய்கள் வழுக்க ஏராளமான எண்ணெய் வேண்டியிருந்ததால், அதில் ஒரு பங்கு எரிந்து நீலமாக வெளியேறியது. பிரபுக்களின் கார்களில் அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் 1916 செப்டம்பரில் சோம் போர்க்களத்தில் இறங்கிய முதல் டாங்கிகளுக்குள் இருந்தது அதே ஜாதி 105 குதிரைசக்தி டெய்ம்லர் எஞ்சின். சும்மா ஓடிக்கொண்டிருந்துவிட்டு வேகம் கூட்டினால் போதும். ஒரு மேகமே எழும். ‘நான் இங்கே இருக்கிறேன், சுடு’ என்று எதிரியின் பீரங்கிக்குச் சீட்டு எழுதி அனுப்புவதற்கு ஒப்பானது அது.

இதைச் சரிசெய்யும் பொறுப்பு ஹாரி ரிக்கார்டோ என்ற எஞ்சினீயரிடம் வந்தது. எண்ணெய் எங்கே போகிறது என்ற கேள்வியோடு அவர் நின்றுவிடவில்லை. எப்படி ஏறுகிறது என்று பார்த்தார். சுழலும் தண்டு வாரியடிக்கும் எண்ணெய் சிலிண்டர் சுவரில் படுகிறது. பிஸ்டன் அதை மேலே இழுத்துக்கொண்டு போகிறது. ஆகவே, பழைய நீராவி யந்திரங்களில் உள்ளதுபோலப் பிஸ்டனுக்குக் கீழே தனி வழிகாட்டிக் கட்டை ஒன்றை வைத்து, வாரியடிக்கும் எண்ணெய் சிலிண்டரை எட்டாதபடி பிரித்துவிட்டார். 150 குதிரைசக்தி கொண்ட அந்த எஞ்சின் 1918-ல் மார்க் ஐந்து டாங்கியில் போர்க்களத்துக்கு வந்தது. எண்ணெய் நஷ்டத்துக்கு ஒழுங்கான விசாரணை நடத்தித் தீர்ப்புச் சொன்ன பெரிய வழக்குகளில் இது ஒன்று.

லாரியின் எஞ்சினில் அப்படிக் கட்டையெல்லாம் இல்லை. அங்கே காவல் காப்பவை ரிங்குகள்தான். பிளவுபட்ட இரும்பு வளையம் ஒன்று தன் வில்விசையாலேயே சிலிண்டர் சுவரை அழுத்தி நிற்கும் என்ற யுக்தியை 1850-களில் நீராவி எஞ்சின்களுக்காகக் கண்டவர் ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற ஆங்கில ரயில்வே எஞ்சினீயர். மேல் ரிங்குகள் வாயுவைக் கீழே விடாமல் தடுக்கும். கீழ் ரிங்கு எண்ணெயைச் சுவரிலிருந்து வழித்துத் தன் துளைகளின் வழியே கீழே அனுப்பும். ரிங்கு தேய்ந்தால் எண்ணெய் மேலே போய் எரியும் என்பது பட்டறையில் எடுபிடிப் பையனுக்கும் தெரிந்த சங்கதி. தேயாமலே அப்படி ஆகும் என்பது 1930-களில்தான் உறைத்தது. அமெரிக்காவில் காட்டர்பில்லர் கம்பெனி 1931-ல் டீசல் டிராக்டர்களை விற்கத் தொடங்கியது. டீசலின் வெப்பத்தில் எண்ணெய் கருகி, ரிங்கு உட்காரும் பள்ளத்தில் வார்னிஷ்போலப் படிந்து, ரிங்கை அசையவொட்டாமல் பிடித்துக்கொண்டது. அசையாத ரிங்கு வழிக்காது. எண்ணெய் மேலே போகும், வாயு கீழே வரும். இரும்பில் குறையில்லை, எண்ணெயில்தான் குறை என்று கண்டு, 1935-ல் கலிபோர்னியா ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியார் அழுக்கைப் படியவிடாமல் கழுவும் மருந்து சேர்த்த ‘டெலோ’ எண்ணெயைக் கொண்டுவந்தார்கள். இன்று லாரி எஞ்சினில் ஊற்றும் ஆயில் இரண்டே நாளில் கறுத்துவிடுவதற்கு இதுதான் காரணம். அது கெட்டுப்போகவில்லை, அழுக்கைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு எஞ்சினைச் சுத்தமாக வைத்திருக்கிறது.

நம் பக்கத்தில் இந்தச் சரித்திரம் வேறு விதமாக வந்து சேர்ந்தது. இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோல் ரேஷன் வந்தபோது, பஸ்களின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி, கரிவாயுவில் ஓட்டினார்கள். எவ்வளவு வடிகட்டினாலும் சாம்பல் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். போனது உப்புத்தாள் மாதிரி சிலிண்டரைத் தேய்க்கும். யுத்தம் முடிந்து ராணுவம் கழித்துக்கட்டிய லாரிகள் சந்தைக்கு வந்தன. பிறகு, 1954-ல் ஜாம்ஷெட்பூரில் டாட்டாவும் ஜெர்மன் டெய்ம்லர் பென்ஸும் சேர்ந்து டீசல் லாரி செய்யத் தொடங்கினார்கள். சென்னையில் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்டு ஆயிற்று. புது லாரியாக வந்தவை கைமாறிக் கைமாறிப் பழைய லாரி ஆயின. ரீபோர் செய்து, லைனர் மாற்றி, இன்னும் பத்து வருஷம் ஓட்டுவது நம் மேஸ்திரிகளின் கைவரிசை. அந்தப் பத்து வருஷத்தில்தான் எண்ணெய்க் கணக்கின் தகராறுகள் எல்லாம்.

சேலம் பக்கத்தில் ஒரு லாரி ஆபீஸில் அப்படி ஒரு தகராறை நான் பார்த்திருக்கிறேன். காற்று பிரேக் உள்ள பழைய லாரி. ஒவ்வொரு நடைக்கும் ஒன்றரை லிட்டர், இரண்டு லிட்டர் என்று ஆயில் குறைந்தது. பின் சீல் மாற்றியாயிற்று, பேக்கிங் மாற்றியாயிற்று, ஹெட்டைக் கழற்றிப் பார்த்தாயிற்று; நின்றபாடில்லை. கடைசியில் முதலாளி கிளீனரின் படியில் பிடித்தம் செய்துவிட்டார். பையன் ஒன்றும் பேசவில்லை. பட்டறைக்கு வந்த வயதான மேஸ்திரி ஒருவர் மட்டும் அவனைக் கூப்பிட்டு, “தம்பி, காத்து டேங்க் குழாயைத் தினமும் திறந்துவிடுறியா?” என்று கேட்டார்.

“விடுறேன் அண்ணே.”

“என்ன வருது?”

“முன்னெல்லாம் தண்ணி வரும். இப்போ கொஞ்ச நாளா கறுப்பா வழவழன்னு வருது.”

மேஸ்திரி போய்க் குழாயைத் திறந்தார். காற்றோடு ஆயில் சீறிக்கொண்டு வந்தது. பிரேக்குக்குக் காற்று அடைக்கும் கம்ப்ரஷர், எஞ்சினிலிருந்துதான் எண்ணெய் வாங்கிக்கொள்கிறது. அதற்கும் ஒரு பிஸ்டன், ரிங்குகள் உண்டு. அவை தேய்ந்து, எஞ்சின் எண்ணெயைக் காற்றோடு சேர்த்து டேங்குக்குள் தள்ளிக்கொண்டிருந்தன. “முதலாளி, நீங்க தேடின எண்ணெய் இங்கே இருக்கு. இன்னும் கொஞ்ச நாள் விட்டா பிரேக் ரப்பரையும் தின்னுட்டு வண்டி எங்கேயாவது போய் மோதியிருக்கும்” என்றார் மேஸ்திரி. பிடித்த பணம் திரும்பி வந்தது. பையன் அடுத்த மாதமே வேறு லாரிக்குப் போய்விட்டான்.

திருடன் என்று யாரைச் சொன்னார்களோ, அவன் ஒருவனே வழக்கின் கண்கண்ட சாட்சி. தினமும் தன் கையால் குழாயைத் திறந்து பார்த்தவன். அவனை யாரும் கேட்கவில்லை என்பதுதான் கோளாறு நீடித்ததற்குக் காரணம்.

கண்ணுக்குத் தெரியாமல் எண்ணெய் எப்படிப் போகும் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. ஆறு சிலிண்டர் லாரி ஒன்று 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயிலை இழக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வீதம் 20 மணி நேர ஓட்டம். நிமிஷத்துக்கு 1,800 சுற்று என்றால், மொத்தம் 21,60,000 சுற்று. இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை ஒவ்வொரு சிலிண்டரிலும் எரிப்பு. ஆக 64,80,000 எரிப்புகள். ஒரு லிட்டரில் சுமார் 20,000 சொட்டு. அப்படியானால் 324 எரிப்புக்கு ஒரு சொட்டு எரிந்தால் போதும், ஒரு லிட்டர் போய்விடும். எந்தக் கண் அந்தப் புகையைக் காணும்? எரியாமல் வெளியே ஒழுகுகிறது என்றாலும், ஓட்டத்தில் 50 மீட்டருக்கு ஒரு சொட்டுத்தான். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுக்கிற வண்டி அதே தூரத்தில் 250 லிட்டர் டீசல் குடித்திருக்கும். அதோடு ஒப்பிட்டால் போன ஆயில் அரை சதவீதம்கூட இல்லை. வயதான எஞ்சினுக்கு இது திருட்டுக் கணக்கு ஆகாது. ஆனால் அடுத்த மாதம் இரண்டு லிட்டரானால் கவனிக்க வேண்டிய கணக்கு.

கைதேர்ந்த மேஸ்திரிகள் இந்த விசாரணையை ஒரு வரிசையோடு நடத்துவார்கள். சமதரையில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, மேலே இருக்கும் ஆயில் கீழே இறங்கும்வரை பத்து நிமிஷமாவது பொறுத்துக் கம்பியைப் பார்ப்பது முதல் காரியம். சரிவில் அளந்துவிட்டுக் குறைகிறது என்று ஊற்றி, அளவுக்கு மேல் நிரம்பியதைத் தண்டு நுரைக்க அடித்து வெளியே தள்ளிய எஞ்சின்கள் எத்தனையோ! பிறகு எஞ்சினை வெளியே கழுவித் துடைத்து ஓட்டிப் பார்ப்பது. காற்று எண்ணெயைப் பின்பக்கமாக அடித்துக்கொண்டு போகும். ஆகையால் நனைந்த இடத்தை விட்டுவிட்டு, நனைந்ததில் மிக உயரமான, மிக முன்னாலுள்ள இடத்தைத்தான் பார்க்க வேண்டும். பழைய எஞ்சின்கள் சிலவற்றில் தண்டின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. திருகுபோல வெட்டிய சுருள் ஒன்று, சுற்றும்போது எண்ணெயை உள்ளே தள்ளும். அது ஓட்டத்தில் காவல் காக்கும், நின்றபின் தூங்கிவிடும்.

மூன்றாவது, மூச்சுக்குழாய். எஞ்சினின் வயிற்றில் சேரும் வாயு வெளியேற ஒரு குழாய் உண்டு. அந்தக் காலத்தில் அது சும்மா சாலையைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருக்கும். அதன் வழியே வரும் புகை ஊரைக் கெடுக்கிறது என்று கண்டு, அமெரிக்காவில் 1961-ல் கலிபோர்னியாவிலும் 1963-க்குள் மற்ற மாநிலங்களிலும் புதிய கார்களில் அந்த வாயுவை மறுபடி எஞ்சினுக்கே அனுப்பும் ஏற்பாடு வந்தது. லாரியில் இந்தக் குழாய் அழுக்கால் அடைத்துக்கொண்டால், வயிற்றில் அழுத்தம் ஏறி, நல்ல சீல்களின் வழியாகவே எண்ணெயைப் பிதுக்கும். சீலை மாற்றி மாற்றி அலுத்தவர்கள் இந்தக் குழாயை ஒரு தடவை குத்திவிட்டுப் பார்த்திருக்கலாம். ஊதினால் வாயு பலமாக வருகிறது என்றால், குற்றம் குழாயைத் தாண்டி ரிங்குகளிடம் இருக்கிறது.

நாலாவது, தண்ணீர். ஆயில் கூலர் விரிந்திருந்தால், ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் அதிகமாகையால் அது ரேடியேட்டருக்குள் போய் மிதக்கும். அணைத்தபின் தண்ணீர் எண்ணெய்க்குள் வந்து மோர்போலக் கலங்கும். ஐந்தாவது, இவற்றில் மிகவும் வஞ்சகமானது. நாசில் கெட்டு எரியாத டீசல் வயிற்றில் சேர்ந்துகொண்டிருந்தால், எண்ணெய் போனாலும் கம்பியில் அளவு குறையாது. யாரோ ஒருவர் நாசிலைச் சரிசெய்து, புது ஆயில் ஊற்றிய மறுநாளிலிருந்து அளவு இறங்கத் தொடங்கும். பழி யார்மேல் விழும்? நேற்று வேலை செய்தவன்மேல்தான்! கம்பியில் தொட்ட எண்ணெய் விரலில் பிசுக்கில்லாமல் ஓடுகிறதா, டீசல் வாடை அடிக்கிறதா என்று முகர்ந்து பார்க்கும் மேஸ்திரி இந்தப் பழியிலிருந்து ஒருவனைக் காப்பாற்றுகிறார்.

எண்ணெயையே சாட்சியாகக் கூண்டில் ஏற்றியவர்களும் உண்டு. 1946-ல் அமெரிக்காவின் டென்வர் அண்டு ரியோ கிராண்டே ரயில்வேயின் சோதனைச்சாலையில், டீசல் எஞ்சினில் ஓடிய பழைய எண்ணெயை எரித்து, அந்த ஒளியைப் பிரித்து, அதில் எந்தெந்த உலோகம் இருக்கிறது என்று பார்த்தார்கள். இரும்பு ஏறியிருந்தால் சிலிண்டரும் ரிங்கும். செம்பும் ஈயமும் ஏறியிருந்தால் தாங்கிகள். மணலின் சத்து ஏறியிருந்தால் காற்று வடிகட்டியில் ஓட்டை. எஞ்சினைக் கழற்றாமலே அதன் உடம்பு தெரிந்தது. இப்போது பெரிய லாரிக் கம்பெனிகள் ஆயில் மாதிரியைச் சோதனைக்கு அனுப்புவது சாதாரணமாகிவிட்டது. ஒற்றை லாரி வைத்திருப்பவருக்கு அந்த வசதி எட்டவில்லை என்றாலும், ஒரு நோட்டில் நடந்த தூரம், ஊற்றிய ஆயில், காற்று டேங்கில் என்ன வந்தது, ரேடியேட்டரில் என்ன மிதந்தது என்று எழுதிவைக்க யாருடைய அனுமதியும் வேண்டாம்.

நோட்டை யார் எழுதுவது என்பது முக்கியம். கம்பியைத் துடைத்துப் பார்ப்பவனும், குழாயைத் திறப்பவனும், டின்னைத் தூக்குபவனும் எவனோ அவனே எழுத வேண்டும். இரண்டு மாதக் கணக்கைப் புரட்டிப் பார்த்தால், ஏற்றத்தில் அதிகம் போகிறதா, சும்மா நிற்கும்போது போகிறதா, பிரேக் அதிகம் போடும் மலைப்பாதையில் போகிறதா என்பது தெரிந்துவிடும். புதிய லாரிகளில் எண்ணெய் அளவைக் காட்ட மின்சாரக் கருவிகள் வந்திருக்கின்றன. அவையும் குறைந்தது என்று சொல்லுமே தவிர, எங்கே போயிற்று என்று சொல்வதில்லை. அதற்கு இன்னும் வண்டியோடு போகிற மனிதனைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்கும்போது, திருடனை விசாரிக்கிற குரலில் கேட்டால் அவன் வாயைத் திறக்க மாட்டான்.